ஓதல் உஸ்தாதின் காதுக்கு, தாள் வேலை சாட்பாட்டுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் மாலை நேரக் குர்ஆன் ஓதும் வகுப்புகளுக்குள்ளும் ஏஐ சாட்பாட் வந்துவிட்டது. ஓதிக்கொடுக்கும் ஆசிரியரான உஸ்தாத் அதில் கேள்வித்தாள் தயாரிக்கிறார். தாய் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு விளக்கம் கேட்கிறார். சில வீடுகளில் பிள்ளையே கைப்பேசியை எடுத்து, 'பல் துலக்கினால் நோன்பு முறியுமா?' என்று தட்டிக் கேட்கிறது. எந்த வேலையை அதனிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று வகுப்பு நடத்துகிறவர்கள் இப்போதே பிரித்துவைக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம்.

இந்தத் தேவை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில் ஐந்து முஸ்லிம் மாணவர்களாவது இருந்தால் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் இஸ்லாமியக் கல்வி கொடுக்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு மூன்று முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் இருந்தால் அந்தக் கட்டாயம் அங்கே இல்லை. அவர்களுக்கு எல்லாமே பள்ளிவாசலிலோ சுராவ் என்ற சிறு தொழுகைக்கூடத்திலோ நடக்கும் மாலை வகுப்புதான். அங்கே ஒரு உஸ்தாத், 25 பிள்ளைகள், இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 120 நிமிடத்தை 25 ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்கூட வராது. கேள்வி எழுதுவது, தாள் திருத்துவது, மலாய்ப் பாடத்தைத் தமிழில் விளக்குவது எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் தின்கின்றன. சாட்பாட் இந்தத் தாள் வேலையைக் குறைக்கும். பிள்ளை ஓதுவதைக் கேட்டுத் திருத்தும் வேலையை அதனிடம் நம்பிக் கொடுக்க முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தவறுகள் நேர்கின்றன.

ஓதலை எடுத்துக்கொள்வோம். பிள்ளை கைப்பேசியில் குரல் வசதியைத் திறந்து குர்ஆனின் முதல் சூராவான (அத்தியாயமான) ஃபாத்திஹாவை ஓதுகிறது. சாட்பாட் 'அருமையாக ஓதினாய்' என்கிறது. உள்ளே நடந்தது என்ன? குரல் செயலிகள் பல, பேச்சை முதலில் எழுத்தாக மாற்றிக்கொள்கின்றன. மாற்றும்போது, அந்த இடத்தில் வழக்கமாக என்ன சொல் வருமோ அதையே எழுதிவிடும் போக்கு அவற்றுக்கு உண்டு. ஃபாத்திஹா உலகத்தில் எத்தனையோ கோடி முறை எழுதப்பட்ட வாசகம். பிள்ளை பாதி தவறாகச் சொன்னாலும் எழுத்தில் அது சரியான ஃபாத்திஹாவாக வந்து நிற்கலாம். தவறு காதுக்குள் போகும் முன்பே அழிந்துவிடுகிறது. பிறகு எப்படித் திருத்தும்?

'அன்அம்த' என்பதை 'அன்அம்து' என்று ஓதினால் 'நீ அருள்புரிந்த' என்பது 'நான் அருள்புரிந்த' என்று மாறிவிடும். வித்தியாசம் ஒரே ஒரு ஹரக்கத்து (உயிரொலிக் குறி). 'இய்யாக்க' என்பதில் எழுத்தை இரட்டிக்கும் குறியான ஷத்தை விட்டு 'இயாக்க' என்றால் பொருளே வேறு. ஷாஃபிஈ மத்ஹபில் (மத்ஹபு என்பது இஸ்லாமியச் சட்ட வழிமுறை) ஃபாத்திஹாவின் 14 ஷத்துகளையும் கவனித்து ஓத வேண்டும் என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுப்பது இதனால்தான். ஃபாத்திஹா தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்துக்கும் (சுற்றுக்கும்) கடமையான ஓதல். தவறு பழகிவிட்டால் தொழுகையோடு ஒட்டிக்கொள்ளும்.

சாட்பாட் தரும் தமிழ் எழுத்துப்பெயர்ப்பு இன்னும் மோசம். தமிழில் ق என்ற காஃபுக்கும் ك என்ற காஃபுக்கும் ஒரே 'க'தான். அடித்தொண்டையிலிருந்து வரும் காஃபோடு 'கல்பு' என்றால் இதயம், மேலே வரும் காஃபோடு 'கல்பு' என்றால் நாய். தாளில் இரண்டும் 'கல்பு'. இரண்டு ஹாவுக்கும் ஒரே 'ஹ', சீனுக்கும் ஸாதுக்கும் ஸாவுக்கும் ஒரே 'ஸ'. இந்தத் தாளை வைத்துப் படிக்கும் பிள்ளை ஒரு மாதத்தில் பழகிய நாக்கைத் திருப்ப ஆறு மாதம் பிடிக்கும். நாக்கு எங்கே தொடுகிறது என்று எதிரே உட்கார்ந்து பார்க்கிற தலக்கீ முறைக்கு மாற்று இல்லை. ஓதப் பழகும் இக்ராவின் ஆறு புத்தகங்களும் பிள்ளை உஸ்தாதின் முன்னால் ஒவ்வொரு பக்கமாக ஓதிக்காட்டித் தாண்டுவதற்காகவே அமைந்தவை.

அரபு வாசகத்தையும் சாட்பாட்டிடம் கேட்டு வாங்கக் கூடாது. சின்ன சூராக்களைக் கேட்டால் பெரும்பாலும் சரியாகவே எழுதும். ஆபத்து அதிலேயே இருக்கிறது, ஏனென்றால் நம்பிக்கை வந்துவிடும். பிறகு ஒரு நீளமான சூராவைக் கேட்டால், ஒரே மாதிரித் தொடங்கும் இரண்டு வசனங்களுக்கிடையே தாவிவிடக்கூடும். மனனம் செய்யும் பிள்ளைகள் தடுமாறும் அதே இடங்கள்தாம். சின்ன சூராவான காஃபிரூனிலேயே 3ஆம் வசனமும் 5ஆம் வசனமும் ஒன்றே. இரண்டாவது முறை வருவதை 'திரும்ப வந்துவிட்டது' என்று விட்டுவிடும் வாய்ப்பு பிள்ளைக்கும் உண்டு, இயந்திரத்துக்கும் உண்டு. அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று ஊகித்து ஊகித்து எழுதுவதே இந்த இயந்திரத்தின் வேலை. முஸ்ஹஃபைத் (அச்சிட்ட குர்ஆன் பிரதியை) திறந்து பார்த்து எழுதும் பழக்கம் அதற்கு இயல்பாக இல்லை.

அதற்கு மேல் அச்சுச் சிக்கல். அரபு வரியை நகலெடுத்துத் தமிழ்க் கேள்விக்கு நடுவில் ஒட்டினால் வலமிருந்து இடமாகப் போகும் வரி உடைகிறது. வசன எண் தவறான முனைக்குப் போகிறது. எழுத்துரு ஒத்துவராவிட்டால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, ஹரக்கத்து பக்கத்து எழுத்தின் மேல் ஏறிவிடுகிறது. நம் நாட்டில் குர்ஆன் வாசகத்தை அச்சிடுவதற்கென்றே 1986ஆம் ஆண்டின் சட்டம் 326 இருக்கிறது. சரிபார்க்கப்பட்ட, அனுமதி பெற்ற வாசகமே புழங்க வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த சட்டம் அது. அப்படிப்பட்ட நாட்டில், யாரும் சரிபார்க்காத ஒரு வசனம் வகுப்புத் தாளில் ஏறிப் பிள்ளையின் பைக்குள் போவது சரியில்லை. தாளில் சூராவின் பெயரும் வசன எண்ணும் மட்டும் இருக்கட்டும். வசனத்துக்கான இடம் காலியாக இருக்கட்டும். பிள்ளை முஸ்ஹஃபைத் திறந்து தேடிப் பார்த்து எழுதும். தேடும் பழக்கமும் வரும்.

அடுத்தது மத்ஹபு. பெற்றோர் இதைத்தான் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மலேசியப் பாடத்திட்டம் ஷாஃபிஈ மத்ஹபை ஒட்டியது. தமிழ் முஸ்லிம்களிலோ கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ, ராவுத்தர் குடும்பங்கள் ஹனஃபி. ஒரே வகுப்பில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். உஸ்தாதுக்கு இது தெரியும், வீட்டைப் பார்த்துப் பதமாகச் சொல்வார். சாட்பாட்டுக்கு எதிரே இருப்பது யார் என்று தெரியாது. மத்ஹபைச் சொல்லாமல் கேட்டால் இரண்டையும் கலந்து ஒரே பதிலாக்கிவிடும்.

தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்யும் ஒளுவின் ஃபர்ளு (கட்டாயக் கடமை) எத்தனை? ஷாஃபிஈயில் ஆறு: நிய்யத்து (மனத்தில் எண்ணுதல்), முகம் கழுவுதல், முழங்கை உட்படக் கைகளைக் கழுவுதல், தலையில் ஒரு பகுதியை மஸ்ஹு செய்தல் (ஈரக்கையால் தடவுதல்), கணுக்கால் உட்படக் கால்களைக் கழுவுதல், வரிசைக்கிரமம். ஹனஃபியில் நான்கு. நிய்யத்தும் வரிசையும் அங்கே சுன்னத்து (கட்டாயமில்லாத நல்வழக்கம்), தலையில் கால் பங்கு மஸ்ஹு செய்ய வேண்டும். கலந்து வரும் பதிலில் 'ஃபர்ளு ஆறு' என்று எண்ணிக்கை ஷாஃபிஈயிலிருந்தும் 'கால் பங்குத் தலை' என்று விளக்கம் ஹனஃபியிலிருந்தும் வந்து நிற்கும். படிக்கும்போது சரளமாக இருக்கும், எந்த மத்ஹபிலும் சேராது. சுபுஹு என்ற வைகறைத் தொழுகையில் ஓதும் குனூத் துஆவும் அப்படித்தான். ஷாஃபிஈயில் ஓதுவோம், ஹனஃபியில் சுபுஹில் இல்லை, இரவின் வித்ருத் தொழுகையில் உண்டு.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிட அன்றாடமான கேள்வி நாய். லயத்து வரிசையில் நாய் இல்லாத வீடு குறைவு. பந்து விளையாடும்போது நாய் காலை நக்கிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் அது கடுமையான நஜீஸ் (அசுத்தம்). ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீர். ஹனஃபியில் மூன்று முறை கழுவினால் போதும். மாலிகி மத்ஹபில் நாயே நஜீஸ் இல்லை. 'நாய் நக்கிவிட்டது, என்ன செய்ய?' என்று வெறுமனே கேட்டால் இந்த மூன்றில் எது வரும் என்று சொல்ல முடியாது. நேற்று ஒன்று, இன்று ஒன்று வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரே கேள்விக்கு ஒரே பதிலை ஒவ்வொரு முறையும் தரும் அமைப்பு அதற்கு இல்லை. நாய் உரசியபோது இரண்டு பக்கமும் உலர்ந்திருந்தால் ஷாஃபிஈயிலும் கழுவத் தேவையில்லை என்ற நுணுக்கத்தைப் பல நேரம் அது சொல்லாமலே விட்டுவிடுகிறது. பக்கத்து வீட்டு நாயைக் கண்டாலே பிள்ளை அலறி ஓடுவதற்கு அந்த விடுபட்ட ஒரு வரி போதும். அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் வருவதும் அதனால்தான்.

ஆகவே சரியான முறை இது: பாடத்தை நாம் கொடுக்க வேண்டும், அதை வைத்து வேலை செய்ய மட்டும் சாட்பாட்டிடம் சொல்ல வேண்டும். தவுலியா (சமயம் போதிக்க மாநிலம் தரும் அனுமதி) பெற்ற உஸ்தாத் பார்த்து ஒப்புக்கொண்ட பாடத்தை, ஒரு தடவைக்கு ஒரு பக்க அளவுக்கு, தமிழில் தட்டி ஒட்டுங்கள். அதற்கு மேலே இப்படி எழுதுங்கள்:

"கீழே இருக்கும் பாடத்தை மட்டும் கொண்டு 8 வயதுப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் பத்துக் கேள்விகள் எழுது. மத்ஹபு ஷாஃபிஈ. அரபு வசனம் எழுதாதே. ஹதீஸ் எதையும் நீயாகச் சேர்க்காதே. பாடத்தில் இல்லாத விஷயம் வந்தால் 'உஸ்தாதிடம் கேட்க' என்று மட்டும் எழுது. ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் அது பாடத்தின் எந்த வரியிலிருந்து வந்தது என்று அந்த வரியை அப்படியே எடுத்து எழுது."

கடைசிக் கட்டளைதான் முக்கியம். வரியைக் காட்டச் சொன்னால் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். காட்டிய வரி பாடத்தில் இல்லையென்றால் அந்தக் கேள்வியை உடனே அடித்துவிடலாம். உரையாடல் நீண்டுகொண்டே போனால் தொடக்கத்தில் சொன்ன கட்டளை மெல்ல நழுவும். ஒவ்வொரு பாடத்துக்கும் புதிய உரையாடலைத் திறந்து மறுபடி ஒட்டுவது நல்லது. தமிழ் எழுத்தை இந்த இயந்திரங்கள் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன. இலவசக் கணக்கின் வரம்பு சீக்கிரம் தீர்வதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். பாடத்தைச் சிறியதாக வைப்பது இதற்கும் உதவும்.

விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளைக் கேட்டு வாங்கினால் பார்க்க வேண்டியவை சில. மூன்று விடைகளில் இரண்டு சரியாக இருக்கும், 'ஒளுவில் செய்ய வேண்டியது எது?' என்று கேட்டு ஃபர்ளையும் சுன்னத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கும். சரியான விடை மட்டும் நீளமாக இருக்கும், பிள்ளைகள் பாடம் படிக்காமலே நீளத்தைப் பார்த்துக் குறித்துவிடுவார்கள். சரியான விடைகள் பெரும்பாலும் 'ஆ'விலேயே வந்து குவியும். கையால் இடம் மாற்றுங்கள்.

சொற்களுக்கும் ஒரு பட்டியல் தேவை. சொல்லிவைக்காவிட்டால் தொழுகையையும் துஆவையும் ஒன்றாக்கி இரண்டுக்கும் 'பிரார்த்தனை' என்றுவிடும். நோன்பு 'உண்ணாவிரதம்' ஆகும். வீட்டில் பாட்டி சொல்லும் சொல் ஒன்று, தாளில் வேறொன்று என்றால் பிள்ளை இரண்டையும் சேர்த்துப் பார்க்காது. முப்பது சொல் போதும்: மலாயில் சோலாட் என்றால் தொழுகை, புவாசா என்றால் நோன்பு, வுடுக் என்றால் ஒளு, நியாட் என்றால் நிய்யத்து, பாத்தால் என்றால் முறிந்தது என்ற மாதிரி. ஒவ்வொரு முறையும் பாடத்தோடு இதையும் ஒட்டுங்கள்.

மலாயிலிருந்து தமிழுக்குப் பாலம் போடுவதில்தான் சாட்பாட் உண்மையிலேயே கைகொடுக்கிறது. ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கான அரசாங்கச் சமய வகுப்பான காஃபாவின் பாடங்கள் மலாயிலும் ஜாவியிலும் (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) இருக்கின்றன. ஐந்தாம் ஆண்டில் அந்த வகுப்புக்கான யுபிகேகே தேர்வு. மலாய் இன்னும் பிடிபடாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு உலூம் ஷரீஆ என்ற பாடத்தின் பக்கத்தை எளிய தமிழில் மாற்றித் தந்தால், வீட்டில் மலாய் அறியாத தாயும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியும். தேர்வு மலாயில்தான் என்பதால் தமிழ் விளக்கத்துக்குப் பக்கத்திலேயே மலாய்ச் சொல்லும் இருக்க வேண்டும்.

ஜாவிக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். ஜாவியில் 'ப' என்பது ஃபாவின் மேல் மூன்று புள்ளி. உருதுவில் பாவின் கீழே மூன்று புள்ளி. ஜாவி 'க' காஃபின் மேல் ஒரு புள்ளி, உருதுவில் மேலே இன்னொரு கோடு. சாட்பாட் உருது, பாரசீக எழுத்துகளைக் கலந்துவிடும். பிள்ளை அதைப் பார்த்து எழுதினால் மதிப்பெண் போகும்.

நபிமார் வரலாற்றில் இன்னொரு எச்சரிக்கை. 'பிள்ளைகளுக்குப் பிடித்த மாதிரிக் கதையாகச் சொல்' என்று கேட்கவே கூடாது. கதை என்றால் உரையாடல் வேண்டும் என்று அதற்குத் தெரியும். நபிகள் நாயகம் (ஸல்) சொல்லாத ஒரு வாக்கியத்தை அழகாக மேற்கோள் போட்டு எழுதிவிடும். சொல்லாததை அவர்கள் சொன்னதாகச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று ஹதீஸில் கடுமையாக எச்சரிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை மனத்தில் பதிந்த வாக்கியத்தைப் பிறகு யாராலும் பிடுங்க முடியாது. 'சீனா சென்றேனும் கல்வியைத் தேடு' என்பதைச் சாட்பாட் ஹதீஸாகத் தயங்காமல் எடுத்துக்கொடுக்கும். அறிஞர்கள் பலர் அது பலவீனமானது, இட்டுக்கட்டப்பட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். வரலாற்றுக்கு வரிசைப்படுத்தும் பயிற்சி போதும்: ஹிஜ்ரத் 622, பத்ரு 624, உஹுது 625, அகழ்ப் போர் 627, ஹுதைபிய்யா 628, மக்கா வெற்றி 630. கலைத்துப்போட்டு அடுக்கச் சொன்னால் பிள்ளைகள் ஆர்வமாகச் செய்வார்கள். உருவப்படம் எதையும் வரையச் சொல்ல வேண்டாம்.

தொழுகை நேரம், நோன்புத் தொடக்கம், பெருநாள் தேதி ஆகியவற்றையும் அதனிடம் கேட்கக் கூடாது. நேரத்துக்கு மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஈ-சோலாட் இருக்கிறது. தலைப்பிறையை ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் அறிவிப்பார். சாட்பாட் வேறு நாட்டுத் தேதியைச் சொல்லிவிடும்.

ஒரு செயலியை வகுப்பு வேலைக்கு எடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள். 'கவ்ஸர் சூராவின் ஐந்தாம் வசனத்துக்குப் பொருள் என்ன?' என்று கேளுங்கள். அந்தச் சூராவில் மூன்றே வசனங்கள். இல்லாத வசனத்துக்குப் பொருள் சொன்னால் அதை மூடிவிடலாம். 'பிஸ்மில்லாஹ் குர்ஆனில் முழுமையாக எத்தனை முறை வருகிறது?' என்று கேளுங்கள். தவ்பா சூராவின் தொடக்கத்தில் இல்லை, நம்ல் சூராவின் 30ஆம் வசனத்துக்குள் ஒன்று இருக்கிறது, ஆக 114. 'வசனங்கள் மொத்தம் எத்தனை?' என்றால் கையில் இருக்கும் முஸ்ஹஃபின்படி 6236 வர வேண்டும். வழக்கில் புழங்கும் 6666ஐச் சொன்னால் கேள்விப்பட்டதைத் திருப்பிச் சொல்கிறது என்று அர்த்தம். கடைசியாக, மத்ஹபைச் சொல்லாமல் சுபுஹு குனூத் பற்றிக் கேளுங்கள். 'எந்த மத்ஹபு?' என்று திருப்பிக் கேட்டாலோ இரண்டையும் பிரித்துச் சொன்னாலோ நல்லது. செயலிகள் அடிக்கடி மாற்றப்படுவதால் மாதம் ஒரு முறை இதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும்.

கைப்பேசி யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கும் பதில் தெளிவு. சாட்ஜிபிடியின் விதிமுறையே 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். ஓதும் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 7 முதல் 12 வரை. ஆகவே கருவி உஸ்தாத் கையில், பிள்ளை கையில் தாள். பிள்ளையின் பெயர், பள்ளி, புகைப்படம், ஓதும் குரல்பதிவு எதையும் அதில் ஏற்ற வேண்டாம். சமயம் போதிக்க மனிதர்களுக்கே மாநிலத்தின் தவுலியா கேட்கப்படும் நாடு இது. 'இது ஹராமா, ஹலாலா?' என்று பிள்ளை நேராகக் கேட்டுப் பதில் வாங்கும் இடத்தில் அந்தக் கருவியை உட்கார வைக்கக் கூடாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். நல்ல பாடத்தைக் கொடுத்தால்தான் நல்ல தாள் வரும், ஆனால் தமிழில் தட்டி வைத்த பாடம் நம்மிடம் இல்லை. பழைய ஓதும் புத்தகங்கள் பல அரபுத்தமிழிலும் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) மங்கிய அச்சிலும் இருக்கின்றன. ஒளு, குளிப்பு, நஜீஸ், தொழுகையின் 13 ருக்னுகள் (கட்டாய அங்கங்கள்), நோன்பு, அன்றாட ஒழுக்கம், நபி வரலாறு என்று முப்பது பாடம், ஒவ்வொன்றும் ஒரு பக்கம். மாவட்டத்துக்கு இரண்டு உஸ்தாதுகள் பார்த்துக் கையெழுத்திட்டால் எல்லா வகுப்புகளும் அதையே பயன்படுத்தலாம். ஹனஃபி வேறுபடும் இடங்களை அதே பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் தனியாகக் குறிக்க வேண்டும். தட்டச்சு வேலையை இடைநிலைப்பள்ளி முடித்துக் காத்திருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்குள் செய்து முடிப்பார்கள். அரபு வரி வரும் இடங்களைக் காலியாகவே விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாலை ஓதும் வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.